தூக்கம் வராத மாணவனும் மதுரைக் குகை வௌவாலும்

தூங்குமூஞ்சி என்னும் சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். பொழுது சாய்ந்ததும் இலைகளைக் கூப்பிக்கொள்ளும் மரம் ஒன்று. வகுப்பின் கடைசி பெஞ்சில் கண் செருகி உட்கார்ந்திருக்கும் மாணவன் மற்றொன்று. மரத்தை யாரும் ஏசுவதில்லை. அதன் இயல்பு அது என்று விட்டுவிடுகிறோம். மாணவனை அப்படி விட்டுவிட நமக்கு மனம் வருவதில்லை.

உடையார்பாளையம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். தாய் தந்தையர் முந்திரிக் காட்டிலோ, தறியிலோ, மானாவாரி நிலத்திலோ விடிவதற்குள் எழுந்து உழைத்துப் பழகியவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை இரவு 2 மணிவரை விழித்திருந்துவிட்டுக் காலை 8 மணிக்கும் எழுந்திருக்கவில்லை என்றால் என்ன ஆகும்? “சோம்பேறி” என்பார் தந்தை. “பொறுப்பில்லாதவன்” என்பார் ஆசிரியர். “காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரித்து வாருங்கள்” என்பார் பாட்டி. “மனசுல ஏதோ கவலை, அதனால்தான் தூக்கம் வரவில்லை” என்பாள் தாய். பிள்ளையின் குணம், பிள்ளையின் தூக்கம், பிள்ளையின் மனநலம் ஆகிய மூன்றையும் இணைத்து நான்கு பேர் நான்கு கொள்கைகளைச் சொல்லிவிட்டார்கள்!

நகைக்க வேண்டாம். விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதே நான்கு கொள்கைகளோடுதான் நெடுங்காலம் மல்லாடினார்கள். அவற்றில் எது எவ்வளவு சரி என்று தெரிய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. நம் மாணவர்கள் அதை அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

புளிய மரத்திலிருந்து தொடங்குவோம்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவனான ஆண்ட்ராஸ்தனீஸ் பாரசீக வளைகுடாவிலுள்ள ஒரு தீவில் இறங்கினான். இன்று பஹ்ரைன் எனப்படுவது அந்தத் தீவுதான். அங்கே ஒரு மரத்தின் இலைகள் பகலில் விரிவதையும் இரவில் மூடிக்கொள்வதையும் கண்டு குறித்து வைத்தான். அது புளிய மரம் என்பது பிற்கால அறிஞர்களின் கருத்து. நம் ஊர்ச் சாலையோரங்களில் நாள்தோறும் நடக்கும் அதே காட்சிதான். வெயில் வந்தால் விரிகிறது, வெயில் போனால் மூடுகிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகள் உலகம் சும்மா இருந்துவிட்டது.

1729-இல் பிரெஞ்சு வானநூலறிஞர் தெ மைரான் ஓர் எளிய காரியம் செய்தார். தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். வெயிலே இல்லாத போதும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன, இரவு நேரத்தில் மூடின. அப்படியானால் வெளியே உள்ள சூரியன் அல்லாமல் வேறொன்று உள்ளேயிருந்து மணியடிக்கிறது! பாரிஸ் அறிவியல் கழகத்தில் இச்செய்தி படிக்கப்பட்டபோது, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளும் இவ்வாறே இரவு பகலை உணர்கிறார்கள் என்னும் குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது. செடியின் தூக்கத்தையும் மனிதனின் தூக்கத்தையும் ஒரே பேச்சில் இணைத்தது அந்தச் சிறு குறிப்பு. தெ மைரான் இயற்பியலும் அறிந்தவர் என்பதில் இயற்பியல் ஆசிரியனாகிய எனக்குக் கொஞ்சம் பெருமை.

உள்ளே இருப்பது கடிகாரம் என்றால் அதற்கென்று ஒரு வேகம் இருக்க வேண்டும் அல்லவா? 1930-களில் ஜெர்மன் தாவரவியலறிஞர் எர்வின் புன்னிங் அவரைச் செடிகளை மாறாத சூழலில் வளர்த்து அளந்தார். இலைகளின் ஒரு சுற்றுக்கு 24 மணி அன்று, 24.4 மணி ஆயிற்று. வேறு வேறு கால அளவுடைய செடிகளை இனக்கலப்புச் செய்தபோது பிறந்த செடிகளின் கால அளவு இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. ஆகவே கடிகாரத்தின் வேகம் கற்றுக்கொண்டது அன்று, பரம்பரையாக வருவது. இந்த இடத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் மாணவனைப் பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

குகைக்குள் ஆசிரியரும் மாணவரும்

மனிதனைச் செடிபோல அலமாரியில் பூட்டிவைக்க முடியாது. 1938-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நத்தேனியல் கிளைட்மன் தம் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் மாமத் குகைக்குள் இறங்கினார். 32 நாள் உள்ளேயே வாசம். சூரியன் இல்லை, வெப்பநிலை இரவும் பகலும் ஒன்றே, சுமார் 12 பாகை செல்சியஸ். அங்கே அவர்கள் 24 மணிக்குப் பதிலாக 28 மணி கொண்ட ‘நாள்’ ஒன்றை வகுத்துக்கொண்டு வாழ முயன்றார்கள்.

இருபதுகளில் இருந்த மாணவர் சில நாட்களிலேயே புதிய நாளுக்கு ஒத்துப்போனார். 43 வயதான ஆசிரியரோ கடைசிவரை திண்டாடினார். கிளைட்மனின் உடல் வெப்பம் பழைய 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. தூங்க வேண்டிய வேளையில் விழிப்பும், வேலை செய்ய வேண்டிய வேளையில் தூக்கமும் அவரைப் பிடித்தன. மன உறுதியில் ஆசிரியர் மாணவருக்குக் குறைந்தவர் அல்லர். தூக்க ஆராய்ச்சிக்கே வாழ்நாளை ஈந்தவர். ஆனாலும் உறுதி தோற்றது. இரண்டே பேரைக் கொண்டு பொது விதி செய்ய முடியாதுதான். எனினும் ஆளுக்கு ஆள் கடிகாரம் வேறுபடலாம் என்னும் ஐயம் அங்கே முளைத்தது.

1960-களில் ஜெர்மனியில், மியூனிக் நகருக்கு அருகே ஆண்டெக்ஸ் என்னும் இடத்தில், யூர்கன் அஷோஃப் என்பவரும் ருட்கர் வீவர் என்பவரும் நிலத்தடியில் ஓர் இல்லம் கட்டினார்கள். படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளே. கடிகாரம், வானொலி, சன்னல் மட்டும் கிடையா. ஒருவர் வாரக்கணக்கில் தனியே அங்கே தங்குவார். தாமாக வந்தவர்களில் மாணவர்கள் மிகுதி. தேர்வுக்குப் படிக்கத் தொந்தரவில்லாத இடம் என்று சிலர் ஆவலோடு வந்தார்களாம்! அவ்வாறு தங்கியவர்களில் பெரும்பாலோரின் நாள் 24 மணியைத் தாண்டிச் சுமார் 25 மணியாக நீண்டது. ஒவ்வொரு நாளும் சிறிது பிந்தித் தூங்கினார்கள், சிறிது பிந்தி எழுந்தார்கள். அறையில் விளக்கைத் தாமே ஏற்றி அணைத்ததால் இந்த அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்பது பின்னாளில் தெரிந்தது. 1999-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் மங்கிய ஒளியில் கவனமாக அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. பதினொரு நிமிடம் என்றாலும் மிகைதான். நாள்தோறும் சூரியன் முள்ளைத் திருத்தி வைக்காவிட்டால் நம்மில் பெரும்பாலோர் மெல்ல மெல்ல இரவுப் பறவைகளாகிவிடுவோம்.

ஆண்டெக்ஸில் இன்னொரு வியப்பும் நிகழ்ந்தது. சிலருக்கு, தங்கிய சில நாட்களுக்குப் பின் உடல் வெப்பத்தின் சுற்று ஒரு வழியும் தூக்கம்–விழிப்பின் சுற்று வேறு வழியுமாகப் பிரிந்துவிட்டன. வெப்பம் 25 மணியில் சுற்ற, தூக்கமும் விழிப்பும் 30 மணிக்கும் மேல் நீண்டன. ஒரே உடலுக்குள் இரண்டு கடிகாரங்கள், ஒன்றையொன்று மதிக்காமல்! இந்தப் பிரிவு யாருக்கு நேர்கிறது என்று 1974-இல் லுண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் தேடினார். ஆளுமைக் கேள்வித்தாள்களில் ‘மனக்கலக்க இயல்பு’ அதிகம் என்று காட்டியவர்களிடையே அது கூடுதலாகக் காணப்பட்டது. குணமும் தூக்கமும் ஏதோ ஒரு நூலால் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்குச் சோதனைச் சாலையில் கிடைத்த தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று இது.

மதுரையில் நடந்தது

ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் புன்னிங்கின் மரபில் ஆராய்ச்சி செய்து திரும்பிய தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். கூட்டுப்புழுவிலிருந்து பழ ஈக்கள் வெளிவரும் நேரத்தைச் சிறு ஒளித்துடிப்புகளால் முன்னும் பின்னும் நகர்த்தி ஆராய்ந்தவர். ஒளி எந்த வேளையில் படுகிறது என்பதைப் பொறுத்துக் கடிகாரம் முந்தலாம், பிந்தலாம், அசையாமலும் இருக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் உயிர்க்கடிகார ஆராய்ச்சிக்கு ஒரு பள்ளியையே உருவாக்கினார்கள். நம் நாட்டில் இத்துறை வேரூன்றியது பெரிதும் அவர்களால்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட விலங்கு இலைமூக்கு வௌவால். மதுரையை அடுத்த குன்றுகளின் குகைகளில் கூட்டம் கூட்டமாக வாழ்வது. குகையின் ஆழத்தில் எந்நேரமும் இருட்டு. வெப்பமும் ஈரமும் ஏறக்குறைய மாறாதவை. அப்படியிருக்க அந்தி சாய்ந்தது என்று வௌவாலுக்கு யார் சொல்கிறார்கள்? ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அழகான விடை தந்தது. கூண்டில் அடைத்த ஒரு வௌவாலைக் குகையின் இருட்டுக்குள்ளேயே வைத்தார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் வழக்கம்போல மாலையில் இரை தேடப் பறந்து போய் விடிவதற்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூண்டு வௌவால் வெளியுலகைக் காணவேயில்லை. என்றாலும் அதன் விழிப்பும் ஓய்வும் சரியாக 24 மணிக்கு ஒத்துப் போயின. கூட்டமில்லாத குகையில் தனியே வைத்தபோதோ அதன் கடிகாரம் தன் போக்கில் விலகி ஓடத் தொடங்கியது. சூரியனின் செய்தியைக் கூட்டம் கொண்டுவந்து சேர்க்கிறது!

இயற்பியல் படித்தவர்களுக்கு இங்கே ஹைகன்ஸ் நினைவுக்கு வரலாம். 1665-இல் ஒரே உத்தரத்தில் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று இசைந்து ஆடுவதை அவர் கண்டார். உத்தரத்தின் நுண்ணிய அசைவே இரண்டையும் பிணைத்தது. வௌவால்களுக்கு உத்தரம் அவற்றின் கூட்டம். விடுதியில் ஓர் அறைக்கு நால்வர் தங்கும் மாணவர்களுக்கும் இது பொருந்துமா? வௌவாலிலிருந்து மனிதனுக்கு நேராகத் தாவுவது விஞ்ஞானம் ஆகாது. மனிதனுக்கு ஒளியே முதன்மையான சாவி. ஆனால் ஒருவன் 2 மணிக்கு விளக்கணைத்தால் மற்ற மூவரும் அதற்கு முன் தூங்குவது அரிது என்பதை அறிய வௌவால் வேண்டியதில்லை.

மதுரையில் மனிதருக்கும் ஒரு தனிமை இல்லம் அமைத்தார்கள். ஆண்டெக்ஸைப் போலவே காலத்தின் சாயல் எட்டாத இடம். ஒரு பெண் அங்கே தனிமையில் தங்கினார். அவருடைய தூக்கம்–விழிப்புச் சுற்று வெளியுலகிலிருந்து விடுபட்டு ஓடியபோதும் மாதவிலக்குச் சுற்று அதனோடு பிணைந்து நகரவில்லை என்பதைச் சந்திரசேகரன் குழுவினர் 1991-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உடலில் கடிகாரங்கள் பல உண்டு. எல்லாம் ஒரே சாவியில் ஓடுபவை அல்ல.

குணத்தை அளக்கும் கோல்

இப்போது கதையின் மறுபாதிக்கு வருவோம். தூக்கத்தை அளக்கக் கடிகாரம் கிடைத்துவிட்டது. குணத்தை எதனால் அளப்பது?

கிரேக்கர்கள் உடலில் நான்கு நீர்மங்களைச் சொல்லி, அவற்றின் மிகுதி குறைவால் மனிதரை நால்வகையாக்கினார்கள். நம் சித்த, ஆயுர்வேத மரபுகளில் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று. வாத உடலுக்குத் தூக்கம் குறைவு, கப உடலுக்கு அதிகம் என்று இன்றும் பேசக் கேட்கலாம். குணமும் தூக்கமும் சேர்ந்து வருகின்றன என்று கண்ட அளவில் முன்னோரின் கண் கூர்மையானதே. ஆனால் எண்ணிக்கை அங்கே இல்லை.

1936-இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்னும் இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி மனித இயல்பைக் குறிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். இத்தனை சொற்களும் தனித்தனிக் குணங்களா? நாவன்மையும் கூட்ட விருப்பும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதில்லையா? சேர்ந்து வருபவற்றைக் கணித முறையால் கட்டுக் கட்டாகப் பிரித்தபோது சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து குடியேறிய ஹான்ஸ் ஐசன்க், போர்க்கால மருத்துவமனையில் சுமார் 700 படைவீரர்களின் குறிப்புகளை ஆராய்ந்து, 1947-இல் இரண்டு அளவுகளை முன்வைத்தார்: ஒன்று புறமுகம்–அகமுகம், மற்றொன்று மனக்கலக்கம்–மன அமைதி. 1961-இல் தூப்ஸ், கிறிஸ்டல் ஆகியோர் ஐந்து கட்டுகளைக் கண்டார்கள். 1980-களிலிருந்து பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த ஐந்தையே கையாள்கிறார்கள்: மனக்கலக்கம், புறமுகம், புதுமை நாட்டம், இணக்கம், கடமையுணர்வு.

ஐசன்க்கின் கேள்வித்தாள்கள் நம் நாட்டு உளவியல் துறைகளிலும் நன்கு பழக்கமானவை. ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் கைகூப்பிவிட வேண்டாம். குணத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு கூறி அவர் பிற்காலத்தில் எழுதிய ஆராய்ச்சிகள் நம்பத் தகாதவை என்று, அவர் பணியாற்றிய லண்டன் நிறுவனத்தின் விசாரணையே 2019-இல் அறிவித்தது. கோல் பயனுள்ளது என்பதற்காகக் கோல் பிடித்தவர் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடாது.

இந்தக் கோல்களைக் கொண்டு பல நாடுகளில் கல்லூரி மாணவர்களை அளந்திருக்கிறார்கள். எளிதில் கலங்கும் இயல்புடையவர்களுக்குத் தூக்கக் குறை அதிகம். கடமையுணர்வு மிக்கவர்கள் பெரும்பாலும் சீராகத் தூங்குபவர்கள், காலைப் பறவைகள். இதுவரை தாயின் கொள்கையும் ஆசிரியரின் கொள்கையும் வென்றுவிட்டதுபோலத் தோன்றும். அவசரப்படாதீர்கள். சேர்ந்து வருவது என்றால் ஒன்று மற்றொன்றை விளைக்கிறது என்று பொருளன்று. கலங்கும் மனம் தூக்கத்தைக் கெடுக்கலாம். கெட்ட தூக்கம் மனத்தைக் கலக்கலாம். எது முன்னே, எது பின்னே? ஒரே நாளில் கேள்வித்தாளை நீட்டி இதை அறிய இயலாது. காத்திருக்க வேண்டும்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்த ஆராய்ச்சி

காத்திருந்தார் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கரோலின் பெடல் தாமஸ் 1940-களில் ஒரு வேலையைத் தொடங்கினார். ஆண்டுதோறும் கல்லூரியில் சேரும் மாணவர்களின் உடல்நிலை, பழக்கவழக்கம், மனப்பாங்கு எல்லாவற்றையும் விரிவாகப் பதிந்துகொள்வது. பின் அவர்கள் மருத்துவர்களாகி, நடுவயதடைந்து, முதுமை எய்தும்வரை கடிதம் எழுதி நலம் விசாரித்துக்கொண்டே இருப்பது! இதயநோயின் வேர்களைத் தேடுவதே அவருடைய முதல் நோக்கம். ஆனால் கேள்விகளில் தூக்கம் பற்றியும் இருந்தது.

1997-இல் அந்த ஏடுகளை எடுத்து 1,053 ஆண் மாணவர்களின் வரலாற்றைக் கணக்கிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்த காலத்தின் இடைநிலை அளவு 34 ஆண்டுகள். அதற்குள் 101 பேர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களுள் 13 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மாணவப் பருவத்தில் தூக்கமின்மை இருந்ததாகச் சொன்னவர்களுக்கு, இல்லை என்றவர்களைவிடப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. அதுவும் பல ஆண்டுகள் கழித்து! இருபத்திரண்டு வயதில் விடுதி மாடியில் உறங்காமல் உலவிய இளைஞனின் ஏட்டில் இருந்த ஒரு விடை, அவன் நாற்பது ஐம்பதுகளைப் பற்றி முன்கூட்டியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கமின்மை நோயின் நிழல் மட்டுமே என்று நினைத்திருந்த மருத்துவர்கள் இதன்பின் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இருந்தாலும் இதுவும் முழுச் சான்று ஆகாது. அந்த மாணவர்களிடம் பின்னால் வரப்போகும் நோயின் விதை அப்போதே இருந்து, அதுவே தூக்கத்தையும் கெடுத்திருக்கலாமே என்று வாதிடலாம். அதற்கு விடை காணத் தூக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மனம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேனியல் ஃப்ரீமன் குழுவினர் இதைச் செய்தார்கள். பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களிலிருந்து தூக்கமின்மை உடைய 3,755 மாணவர்கள். சீட்டுக் குலுக்கியதுபோல இரு பிரிவு. ஒரு பிரிவுக்குக் கணினி வழியே தூக்கப் பயிற்சி. மற்றதற்கு வழக்கமான உதவி மட்டும். பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் தேறியது. அதோடு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. பிறர் தமக்குத் தீங்கு நினைப்பதாக எழும் ஐயங்களும், இல்லாதது தோன்றும் பொய்த்தோற்றங்களும்கூடக் குறைந்தன. மனத்தை நேரே தொடாமல் தூக்கத்தைத் தொட்டார்கள், மனம் அசைந்தது.

பொய்த்தோற்றம் என்றதும் பாட்டியின் காத்து கருப்பு நினைவுக்கு வருகிறதா? 1896-லேயே அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பாட்ரிக், கில்பர்ட் என்னும் இருவர் மூன்று பேரை 90 மணி நேரம் தூங்காமல் வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இரண்டாம் இரவுக்குப் பின், தரை முழுவதும் பிசுக்குப் படிந்த துகள்கள் நெளிந்து ஆடுவதுபோலத் தோன்றத் தொடங்கியது. நன்றாகத் தூங்கி எழுந்ததும் எல்லாம் மறைந்தன. தேர்வுக்காகப் பல இரவுகள் கண் விழித்த பிள்ளைக்கு ஏதேனும் தோன்றினால், கோடாங்கியைத் தேடுமுன் எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்பது நல்லது. தூங்கிய பிறகும் அது நீங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

நாலு மணிக்கு எழுந்து படி

தமிழ்நாட்டில் தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையும் இந்த அறிவுரைக்குத் தப்ப முடியாது. விடியற்காலையில் படித்தால் மனத்தில் பதியும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. இதில் எவ்வளவு உண்மை?

1976-இல் ஹார்ன், ஆஸ்ட்பர்க் ஆகியோர் ஒருவர் காலைப் பறவையா இரவுப் பறவையா என்று அறியும் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அன்று தொடங்கிய அளவீடுகள் பெருகி, 2004-இல் ஜெர்மனியின் டில் ரோனபர்க் குழுவினர் பல்லாயிரம் பேரின் தூக்க நேரத்தை வயதுவாரியாக வரைந்து காட்டினார்கள். சிறு குழந்தைகள் காலைப் பறவைகள். பருவமடைந்ததும் தூங்கும் நேரம் பிந்திக்கொண்டே போகிறது. ஏறக்குறைய 20 வயதில் அது உச்சத்தைத் தொடுகிறது. பெண்களுக்குச் சற்று முன்னதாக, ஆண்களுக்குச் சற்றுப் பின்னதாக. பிறகு வாழ்நாள் முழுவதும் மெல்ல மெல்ல முந்துகிறது. அதாவது, நாம் கல்லூரியில் சேர்க்கும் வயதும் உயிர்க்கடிகாரம் மிகவும் பிந்தும் வயதும் ஒன்றே! ஐம்பது வயதுத் தந்தை 4 மணிக்குத் தானாக விழித்துக்கொள்வதும், இருபது வயது மகன் 8 மணிக்கும் புரண்டு படுப்பதும் ஒரே வளைகோட்டின் இரு இடங்கள். ஒருவருடைய கடிகாரத்தின் வேகத்தில் பரம்பரைக்கும் பங்குண்டு. அவரைச் செடியில் புன்னிங் கண்டது அதுதானே.

எனவே 9 மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு 4 மணி நல்ல நேரம். 12 மணிக்கு முன் தூக்கம் வராத பிள்ளையை 4 மணிக்கு எழுப்புவது, படித்ததை அழிக்கும் வழி. ஏனெனில் 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டல்லன்பாக் ஆகியோர் இரண்டு மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். பொருளற்ற எழுத்துக் கோவைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கினால் நினைவில் நின்றது மிகுதி. அதே அளவு நேரம் விழித்திருந்தால் நின்றது குறைவு. படிப்பைப் பதியவைப்பதில் விடியற்காலையைவிட அதற்கு முந்திய தூக்கத்துக்கே பங்கு பெரிது. தேர்வுக் காலத்தில் அதிகாலைச் சிறப்பு வகுப்பு வைக்கும் நம் கல்லூரிகளும் பள்ளிகளும் இதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

இதனால் இரவெல்லாம் விழித்திருக்க இளைஞர்களுக்கு உரிமைச்சீட்டு கொடுத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். கடிகாரம் பரம்பரையாக வந்தாலும் முள்ளைத் திருப்பும் கை ஒளியிடம் இருக்கிறது. காலை ஒளி முள்ளை முன்னே தள்ளும். முன்னிரவு ஒளி பின்னே இழுக்கும். கண்ணின் திரையில் பார்வைக்கென்று உள்ள செல்கள் அல்லாமல், ஒளியை உணர்ந்து கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் தனிச் செல்கள் இருப்பது 2002-இல் உறுதியாயிற்று. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அவை மிகவும் கூர்மையானவை. வெட்டவெளியில் நண்பகல் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை உண்டு. இளங்காலையிலும் சில ஆயிரம். குழல் விளக்கு எரியும் விடுதி அறையிலோ சில நூறுதான். பகலெல்லாம் வகுப்பறைக்குள்ளும் இரவெல்லாம் விளக்கின் கீழும் இருப்பவனின் கடிகாரத்துக்குப் பகல் எது இரவு எது என்ற வேறுபாடே மங்கிப்போகிறது. கைபேசியின் ஒளி இவற்றை நோக்கச் சிறியது. அதன் கேடு ஒளியில் இருப்பதைவிட, அது காட்டும் பொருள் நம்மைத் தூங்கவிடாமல் பிடித்துவைப்பதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

பாய் சுருட்டும் வழக்கம்

பிரிட்டிஷ் மாணவர்களுக்குத் தந்த பயிற்சியில் மந்திரம் ஏதுமில்லை. அதன் கூறுகள் பழையவை. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது ஒன்று: படுக்கையைத் தூங்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்; படுத்துச் சிறிது நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும்; தூக்கம் வந்தபின்பே திரும்ப வேண்டும்; இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கையைக் கண்டதும் கவலை வரும்படி உடல் பழகிவிடுகிறது. 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் மற்றொன்று சேர்த்தார்: தூக்கம் வரவில்லை என்று 10 மணி நேரம் படுத்துக் கிடப்பதைவிட, உண்மையில் எத்தனை மணி தூங்குகிறோமோ ஏறக்குறைய அத்தனை மணி மட்டுமே படுக்கையில் இருந்து, பின் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்கத்தின் அழுத்தமும் கூடுகிறது என்பதை அறிந்தால் கணக்குச் சரியாக வரும். வலிப்பு உள்ளவர்களும் மிகுந்த மனவெழுச்சி நோய் உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேளாமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது.

பூட்சினின் முறையைப் படித்தபோது எனக்கு நம் கிராமத்துப் பாய் நினைவுக்கு வந்தது. எழுந்ததும் சுருட்டி மூலையில் சாய்த்துவிடுவார்கள். இரவு வரும்வரை அதில் யாரும் உட்கார்வதில்லை. விடுதிக் கட்டிலோ படிக்கும் மேசை, சாப்பிடும் பலகை, அரட்டைத் திண்ணை எல்லாம் தானேயாகிவிட்டது. பாயில் படுத்தால் தூக்கமின்மை வராது என்று சொல்ல மாட்டேன். சுருட்டி வைக்கும் பழக்கம் கட்டிலோடு போய்விட்டது என்பது மட்டும் மெய்.

குணம் மாறுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 207 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் கண்டபடி, சராசரியாக 24 வாரங்கள் நீடித்த சிகிச்சைகளிலேயே ஆளுமை அளவுகள் நகர்ந்தன. மிகுதியாக நகர்ந்தது மனக்கலக்க இயல்புதான். பிறவிக் குணம் என்று கைவிடப்பட்ட அதே குணம்!

வாரத்துக்கு மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதங்கள் தூக்கம் கெட்டிருந்தால் அதை நோயாகவே மருத்துவர்கள் கொள்கிறார்கள். கடைத்தெருவில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை அதற்கு மருந்தன்று. மாவட்டந்தோறும் அரசின் மனநலத் திட்டம் இயங்குகிறது. அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. உடையார்பாளையத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரந்தான். வாழ்க்கை வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் பேருந்துக்கும் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்பது எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், இரவு 2 மணிக்கும் எடுப்பார்கள்.